போறன் என்று சொல்லாத மனிதர்

அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போக நாற்பது நிமிடம் எடுக்கும். வீடு பக்கத்துத் தெருவில்தான். நடந்தால் மூன்று நிமிடம். மிச்சம் முப்பத்தேழு நிமிடமும் கடை வாசலிலேயே போய்விடும்.

லண்டனில், ஸ்ட்ரெதம் பெருந்தெருவிலிருந்து சற்று உள்ளே இருந்த ஒரு சின்னப் பெற்றோல் ஸ்டேசன் அது. அவர் காலை ஷிப்ட், முழுநேரம். நான் பின்னேர ஷிப்ட், அரைநேரம். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர் என்றாலும் எல்லோரையும்போல நானும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டேன். உண்மையான பெயரைச் சம்பளச் சீட்டில் ஒருமுறை பார்த்தேன். அது அவருக்குப் பொருந்தவேயில்லை, மறந்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு நான் உள்ளே வந்ததும் ஜாக்கெட்டைப் போடுவார், சாப்பாட்டுப் பெட்டியை எடுப்பார், பிறகு தொடங்குவார். மேனேஜர் லிண்டாவின் அறைக்கதவைத் தட்டி "வாறன்" என்பார். தமிழில்தான். பாணும் பாலும் அடுக்குகிற போலந்துப் பெடியனிடம் "வாறன்". வெளியே கார் கழுவுகிற கானா நாட்டு மனிதரிடம் "வாறன்". கடைசியில் என்னிடம் வருவார். எனக்கு முன்னால் ஏழு பேர் வரிசையில் நிற்பார்கள். நான் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டும்வரை அசையமாட்டார். "போட்டு வாறன்." லிண்டாவுக்கு அதன் அர்த்தம் தெரியாது. ஆனாலும் "வாறன், டார்லிங்" என்று திருப்பிச் சொல்லப் பழகியிருந்தாள்.

எங்கள் ஆட்களில் யார்தான் போறன் என்று சொல்கிறார்கள்? புறப்படும்போது வருகிறேன் என்பதுதான் வழக்கம். வாய் சொல்லும், கால் போகும், யாரும் அதைச் சத்தியக் கடதாசியாக எடுப்பதில்லை. அண்ணை எடுத்தார். அவருடைய முழு வியாதியும் அதுதான்.

"வாறன் எண்டு சொன்னால் வரோணும். வராட்டி அதுக்குப் பேர் பொய்" என்பார்.

லண்டனுக்கு வருமுன் அவர் பதினான்கு வருடம் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் கோப்பை கழுவியவர். பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று எங்கள் ஆட்கள் பலர் அங்கிருந்து பெயர்ந்து வந்ததுபோல அவரும் வந்தார். வரும்போது வீட்டுக்காரக் கிழவியிடம் "வாறன்" என்றிருக்கிறார். அவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் ஒரு தேயிலைப் பெட்டியோடு போய், கிழவியின் சமையலறையில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு, புறப்படும்போது மறுபடியும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வருவார். அடுத்த வருடத்துக்கும் ரிக்கெட் போட வேண்டியதுதான்.

இதைவிட மோசம் ஆர்ச்வே கதை. அண்ணை மன்னார்க் கத்தோலிக்க வேதக்காரர், ஞாயிறு பூசை தவறாதவர். யாருடையதோ கல்யாணத்துக்கு ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனவர், செருப்பு வைக்கிற இடத்தில் நின்ற பெரியவரிடம் வாய்தவறி "வாறன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை நோர்தேர்ண் லைன் ரயில் ஏறி அங்கே போவார். சாமியிடம் போகமாட்டார், அது அவருடைய சாமி இல்லை. செருப்பைக் கழற்றுவார், பெரியவரோடு பத்து நிமிடம் கதைப்பார், செருப்பைப் போடுவார். "வாறன்."

விசேஷ வீடுகளில் இவருடைய மனைவி காவல் நிற்பார். கை கழுவின உடனேயே புருஷனின் முழங்கையைப் பிடித்து, "இந்த மனிசன் வாய் திறக்க முன்னம் கொண்டுபோகோணும்" என்று பின்கதவால் இழுத்துக்கொண்டு ஓடுவதை நானே கண்டிருக்கிறேன்.

நான் சிரித்தேன்தான். சிரிப்பு அடங்கியது, என் சொந்தக் காரியம் இந்த மனிதரின் வாயில் போய்ச் சிக்கியபோது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அதில் மனைவியோடு இருந்தது பதினாறு நாள். அவள் ஊரில், மானிப்பாயில், தாயோடு இருந்தாள். விசா விண்ணப்பத்தைக் கொண்டுபோனபோது வழக்கறிஞர் என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த அரைநேரச் சம்பளத்துக்குப் பூனைக்குட்டியையும் கூப்பிட ஏலாது தம்பி. முழுநேர வேலை எடுத்துக்கொண்டு வாரும்" என்றார். லிண்டாவிடம் கேட்டேன். அவள் சந்தோஷமாகச் சொன்னாள்: "அவர்தான் வேலையிலிருந்து நிற்கப்போகிறாரே! அவருடைய ஷிப்ட் முழுவதும் உனக்குத்தான். ஒரு கடிதம் மட்டும் எழுதித் தரச் சொல்லு."

உண்மைதான். அண்ணையின் மகளுக்கு லண்டனின் மறுகோடியில், செவன் கிங்ஸில், இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருந்தன. மனைவி முன்னமே அங்கே போய்விட்டார். அண்ணை ஸ்ட்ரெதத்தில் தனியாக இருந்து பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தார். அவருக்கும் போக ஆசை, எனக்கும் அவர் போக ஆசை. தேவைப்பட்டது இரண்டு வரிக் கடிதம்.

ஐந்து மாதமாயிற்று. கடிதம் வரவில்லை.

"அண்ணை, என்ன பிரச்சினை?"

"சொல் கிடைக்கேல்லை."

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். வேலையை விட்டால் திரும்ப வேலைக்கு வரமாட்டார். ஆகவே வாறன் என்று எழுத ஏலாது. போறன் என்று எழுதுவது அபசகுனம். "தமிழிலை வழியில்லை. இங்கிலீசிலை நடுவிலை ஒண்டு இருக்கும். கன சொல் வைச்சிருக்கிற ஆக்கள். தேடுறன்."

தேடுவதற்கு ஒரு ஆயுதமும் வைத்திருந்தார். பழைய சாமான் விற்கிற சரிட்டிக் கடையில் வாங்கிய, அட்டை கழன்ற, செங்கல் கனத்தில் ஒரு அகராதி. ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லும் எங்கே பிறந்தது என்று சொல்கிற அகராதி. கவுண்டருக்குக் கீழே பற்றரிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அது கிடக்கும். கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போகிறவர்கள் விசாரிப்பதுபோல அண்ணை சொற்களை விசாரிப்பார்: எந்த ஊர், தாய் தகப்பன் யார், சகோதரங்கள் எங்கே கட்டியிருக்கிறார்கள். ஜெர்மன் தெரிந்தது அவருக்குப் பெரிய வசதி. "சமையலறைச் சொல்லெல்லாம் ஜெர்மன்காரனோடை சொந்தம். ஒபீஸ், கந்தோர்ச் சொல்லெல்லாம் பிரெஞ்சுக்காரன் கொண்டந்து விட்டது" என்பார்.

முதலில் ‘ரிசைன்’. எல்லோரும் எழுதுவது அதைத்தானே என்றேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அது லத்தீன். என்ன கருத்துத் தெரியுமே? முத்திரையை உடைக்கிறது. தம்பி, ஒரு விசா முத்திரை குத்துவிக்க நான் ஜெர்மனியிலை எட்டு வருசம் வரிசையிலை நிண்டனான். இப்ப என்னை என்ர கையாலை உடைக்கச் சொல்லுறியே?"

‘டிபார்ட்’ ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பங்குபிரிக்கிறதிலிருந்து வந்த சொல்லாம். அதுகூடப் பரவாயில்லை, ஆனால் தேவாலயத்தில் மரித்த ஆத்துமாக்களுக்காக மன்றாடும்போது பாதிரியார் சொல்கிற சொல் அது. "லிண்டா வாசிச்சுப்போட்டு மலர்வளையம் அனுப்பப்போறாள்."

‘குவிட்’ மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. அவருக்கும்தான். பழைய கருத்து, கடமை தீர்ந்து அமைதியானவன். அண்ணை அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். "பார், எவ்வளவு வடிவான சொல். எல்லாம் தீர்ந்துது, இனி நிம்மதி." பேனாவைக்கூட எடுத்துவிட்டார். நான் கடதாசியை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து லிண்டா இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து ஒன்றை அவருக்கு முன்னால் வைத்தாள், மூன்று சீனி போட்டு. அவள் போனதும் அண்ணை பேனாவை மூடினார்.

"ஏலாது. ஒன்பது வருசமாத் தேத்தண்ணி தாறவளுக்கு, உனக்கும் எனக்கும் எல்லாம் தீர்ந்துது எண்டு எப்படியடா எழுதுறது?"

அந்தத் தேநீரை லிண்டாவின் தலையில் ஊற்றலாமா என்று யோசித்தேன்.

‘லீவ்’ தான் என்னை உடைத்தது. அது சமையலறைச் சொல். ஜெர்மனில் ‘ப்ளைபன்’ என்று ஒரு சொல் இருக்கிறதாம், தங்குவது, மிஞ்சியிருப்பது என்று கருத்து. இரண்டுக்கும் வேர் ஒன்று என்று அகராதி சொன்னது. அண்ணைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். வரிசையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவரிடமே ஓடினார். நீங்கள் வெளிக்கிடுகிறேன் என்று சொல்கிற சொல்லுக்குள்ளே இருக்கிறேன் என்று இருக்கிறது, அதுதான் நீங்கள் வெளிக்கிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அரைமணித்தியாலம் காலநிலையைப் பற்றிக் கதைக்கிறீர்கள் என்று விளங்கப்படுத்தினார். கிழவர் தனக்கு மூன்றாம் பம்பும் ஒரு பேப்பரும் என்றார். ஆனால் இருக்கிறேன் என்று எழுதிவிட்டு இல்லாமல் போனால் அதுவும் பொய் என்று அண்ணை அந்தச் சொல்லையும் தள்ளிவிட்டார்.

அன்று இரவு முழுவதும் யோசித்து நானே கடிதத்தை அடித்து, அடுத்த நாள் கையெழுத்துக்கு நீட்டினேன். அண்ணை வாசித்தார். நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்தார்.

"இது உன்ர சொல். நான் இதுக்கு எப்பிடி நிக்கிறது?"

"அண்ணை, என்ர மனிசி அங்கை காத்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு அகராதி விளையாட்டு!" கத்திவிட்டேன். போலந்துப் பெடியன் பாணைக் கீழே போட்டான்.

அவருக்குக் கோபம் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் மன்னாரிலை இருந்து வெளிக்கிடேக்கை ஐஞ்சு வீட்டிலை வாறன் எண்டு சொன்னனான். முப்பது வருசம் போகேல்லை. ஏலேல்லை. போன வருசம்தான் போனனான். ரெண்டு வீட்டிலை பிள்ளையள் இருந்ததுகள். மற்ற மூண்டிலையும் ஆக்கள் இல்லை. கதவுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்."

"என்னெண்டு?"

"வந்திட்டன் எண்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைக் காட்டி விசா எடுக்க முடியாது. அடுத்த நாளும் கேட்டேன்.

அடுத்த வாரம் தேடல் முடிந்தது, என்னுடைய கெட்ட காலத்துக்கு. லிண்டா அலுவலக அறைக்கு வெளியே நின்று, வங்கிக்குப் போய் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ‘வென்ட்’ என்ற சொல் வந்ததும் அண்ணை கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். அகராதி வந்தது. ‘கோ’ என்கிற சொல்லுக்கு, போனேன் என்று சொல்ல இப்போது சொந்தச் சொல் கிடையாதாம். வேறொரு சொல்லின் வீட்டிலிருந்து இரவல் எடுத்ததாம். அந்த வேறு சொல்லுக்குப் பழைய கருத்து, திரும்புவது.

"‘வெண்டன்’!" என்று அண்ணை கத்தினார். "ஜெர்மனியிலை கார் திருப்பக்கூடாத இடத்திலை பலகை வைச்சிருப்பாங்கள். அதே சொல்! லிண்டா, நீங்களும் எங்கட ஆக்கள்தான். போனன் எண்டு சொல்லுற நேரமெல்லாம் திரும்பினன் எண்டுதான் சொல்லுறியள்!"

"நான் வங்கிக்குத்தான் போனேன் டார்லிங்" என்றாள் லிண்டா பாவமாக.

அண்ணை அகராதியை மூடினார். அவர் முகத்தில் ஒரு விஞ்ஞானியின் ஒளி. "முடிஞ்சுது தம்பி. இங்கிலீசிலையும் சொல் இல்லை. ஒருத்தனும் சும்மா போக ஏலாது."

"அப்ப கடுதாசி?"

"எழுத ஏலாது."

நான் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

என் மனைவி பெரும்பாலும் இரண்டு மணி தாண்டித்தான் போன் எடுப்பாள். அங்கே இருட்டியிருக்கும். அன்றும் எடுத்தாள். எனக்கு முன்னால் நீள வரிசை. அண்ணை தன் முப்பத்தேழு நிமிடத்தின் நடுவில், ஜாக்கெட்டோடு நின்றார். கவுண்டரில் கிடந்து அதிர்ந்த போனை அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தங்கச்சி, நான் அண்ணை கதைக்கிறன்."

"கடுதாசி எழுதுற அண்ணையோ?"

அவருக்குச் சுட்டிருக்கும். விழுங்கிக்கொண்டு, "ஓம்" என்றார். பிறகு, அவருக்கே உரிய கேள்வியைக் கேட்டார். "இவன் அங்கையிருந்து வெளிக்கிடேக்கை உங்களிட்டை என்ன சொன்னவன்?"

"என்ன சொல்லுறது? வாசல் படலையிலை நிண்டு, போட்டு வாறன் எண்டு சொன்னவர்." பிறகு, "ரெண்டு வருசமாச்சு அண்ணை" என்றாள்.

நான் நாலாம் பம்புக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய ரசீதைக் கையில் பிடித்தபடியே நின்றேன். பதினாறு நாளில் பதினாறாயிரம் வார்த்தை பேசியிருப்பேன். அவள் வைத்திருந்தது அந்த ஒன்றைத்தான்.

அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு கடுமையாக அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. "ஏன்ராப்பா, சம்பளக் கதை, விசாக் கதை எல்லாம் சொன்னனி. நீ வாறன் எண்டு சொன்ன கதையை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

ஜாக்கெட்டைக் கழற்றினார். லிண்டாவின் அறைக்குள் போனார். ஐந்து நிமிடம். அகராதி கவுண்டருக்குக் கீழேயே கிடந்தது.

கடிதத்தை லிண்டா பிறகு எனக்குக் காட்டினாள். ‘அன்புள்ள லிண்டா, வருகிற மாதம் முதலாம் திகதியிலிருந்து என்னுடைய ஷிப்ட் முழுவதையும் இந்தப் பெடியனுக்குக் கொடுக்கவும். இவன் ஒரு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.’ கீழே கையெழுத்து.

"இதில் அவர் போகிறார் என்று எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள் லிண்டா.

"இல்லை" என்றேன்.

அவள் யோசித்துவிட்டுக் கம்பியூட்டரைத் திறந்தாள். அங்கே ‘ரிசைன்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தானே சரி போட்டாள். முத்திரையை உடைத்தது லிண்டாதான், அண்ணை அல்ல. இதை நான் அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

கடைசி நாள் வாசலில் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் எடுத்தார். லிண்டாவுக்கு, போலந்துப் பெடியனுக்கு, கானா மனிதருக்கு, பேப்பர் கொண்டுவருகிறவனுக்கு, மூன்றாம் பம்புக் கிழவருக்குக்கூட "வாறன்" சொன்னார். லிண்டா அழுதாள். நான் என் முறைக்குக் காத்திருந்தேன். அவர் என்னைத் தாண்டி நடந்தார்.

"அண்ணை! எனக்கு?"

"உனக்குச் சொல்லமாட்டன். முதல் நீ சொன்ன இடத்துக்குப் போ."

உண்மையாகவே சொல்லாமல் போய்விட்டார். எனக்குப் பெரிய மனவருத்தம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை செவன் கிங்ஸிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து, லிண்டாவிடம் ஒரு போத்தல் பால் வாங்கிக்கொண்டு போவார். என் கவுண்டருக்கு வரமாட்டார்.

விசா கிடைத்தது. நான் அண்ணைக்குப் போன் செய்து நன்றி சொல்லி, மனைவிக்கு ரிக்கெட் போடப்போகிறேன், அவள் தனியாக வந்திறங்குவாள், ஹீத்ரோவில் நான் நிற்பேன் என்றேன்.

"ஆர் வாறது?"

"அவள்தான்."

"நீ என்ன சொன்னனி அவளிட்டை? வா எண்டே சொன்னனி? வாறன் எண்டெல்லோ சொன்னனி?"

போனை வைத்துவிட்டார். நான் இரண்டு ரிக்கெட் போட்டேன்.

மானிப்பாயில் ஓட்டோவிலிருந்து இறங்கியபோது அவள் படலையில் நின்றாள். "ஏன் மினக்கெட்டு வந்தனீங்கள்? நான் தனியவே வந்திருப்பன்" என்றாள். அவளுடைய அம்மா பின்னாலிருந்து, "விடியத்தொடக்கம் உதிலைதான் நிக்கிறாள் தம்பி" என்றார். நான் "வந்திட்டன்" என்றேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் சொல்லி முடித்த ஒரே வசனம் அது. அதை எனக்கு வாங்கித் தந்த அந்த மனிதர்மேல் அந்த இடத்தில் எனக்கு வந்த அன்பை இப்போதும் அளக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து வாகனம் வாசலில் நின்றது. படலையில் ஏழு பேர். எனக்கு இங்கிலீஷில் புறப்படுகிற சொற்கள் எல்லாம் தெரியும், ஒவ்வொன்றின் தாய் தகப்பனும் தெரியும். ஒன்றும் உதவவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "போட்டு வாறம் மாமி." பிறகு மற்ற ஆறு பேருக்கும் சொல்ல வேண்டியதாயிற்று.

கட்டுநாயக்காவில் விமானத்துக்குக் காத்திருந்தபடி அண்ணைக்குப் போன் செய்தேன்.

"போனனியே?"

"ஓம் அண்ணை."

"வெளிக்கிடேக்கை எத்தினை பேருக்குச் சொன்னனி?"

"ஏழு பேருக்கு. மாமியின்ர தங்கச்சிக்கு ரெண்டு தரம்."

"அப்ப அவவிட்டை ரெண்டு தரம் போகோணும்" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்து முடித்து, "சரி தம்பி, இனி உனக்குச் சொல்லலாம்" என்றார்.

"என்ன அண்ணை?"

"போட்டு வாறன்."

போன் நின்றது. லண்டனில் வந்திறங்கிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு, எங்கள் வீட்டு மணி அடித்தது. பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தன. "விடியக்காத்தாலை ஆர்?" என்று மனைவி கேட்டாள். நான் அவளைத் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனேன்.